மூடச் சொன்னவன் நான்

வடவள்ளிப் பக்கம் நான் கட்டிக்கொடுத்த ஒரு வீட்டில், சோலார் ஹீட்டரின் ஏர் வென்ட் பைப்பை எண்ட் கேப் போட்டு மூடச் சொன்னவன் நான். கேப்பை எடுத்து மாட்டியவர் பிளம்பர். சில மாதம் கழித்து அந்த ஹீட்டரின் டேங்க் உள்வாங்கி நசுங்கியபோது பழி அவர் மேல் போயிற்று. போகட்டும் என்று நான் விட்டேன். அதோடு நிற்காமல், அவருடைய கடைசி பில்லில் டேங்கின் விலையையும் பிடித்தேன். விஷயம் இவ்வளவுதான். இது எப்படி நடந்தது என்று சொன்னால் என் குற்றம் கொஞ்சம் குறையும் என்று முன்பு நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்த பிறகு பார்த்தால் கூடத்தான் செய்கிறது.

நான் கோவையில் தனி வீடுகள் கட்டிக்கொடுக்கும் சிவில் இன்ஜினியர். பெரிய கம்பெனி இல்லை. ஒரு மேஸ்திரி செட், ஒரு எலக்ட்ரீசியன், ஒரு பிளம்பர் என்று ஓடுகிற தொழில். இந்தத் தொழிலில் தண்ணி டேங்க் எங்கே உட்காரும் என்பது கடைசியாகப் பேசப்படும் சங்கதி. சமையல் மேடைக்கு எந்த கிரானைட், பூஜை அறைக் கதவில் எத்தனை மணி என்பதற்கெல்லாம் குடும்பமே கூடிப் பேசும். டேங்க் பற்றிப் பேச்சு வருவது ரூஃப் கான்கிரீட் காய்ந்து, பெயின்ட்காரர் உள்ளே வந்த பிறகு. அதற்குள் எந்தப் பில்லர் மேலே தொடர்கிறது, எது கீழ்த்தளத்தோடு நின்றுவிட்டது என்பதெல்லாம் முடிந்துபோன கதையாகியிருக்கும்.

நான் மட்டும் முதலிலேயே யோசித்திருந்தேன். அதனால்தான் எனக்கு மன்னிப்புக் குறைவு. அந்த வீட்டின் மாடிப்படி வடமேற்கில் வருகிறது. படிக்கட்டுக்கு மேலே ஹெட்ரூம். அதன் நான்கு பில்லரும் அஸ்திவாரத்திலிருந்து நேராக மேலே வருகின்றன. 2,000 லிட்டர் டேங்கை அதன் மேல் வைப்பதாகத்தான் வரைபடம். 2,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 2 டன். அந்த டேங்கின் அடிப்பரப்பு ஒன்றரை சதுர மீட்டர்கூட வராது. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒன்பது மடங்கு வித்தியாசம். டேங்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் படம் போடும்போதே முடிவு செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

சோலாருக்கும் அதே வரைபடத்தில் இடம் விட்டிருந்தேன். ஹெட்ரூம் சுவரை ஒட்டி 200 லிட்டர் ஹீட்டர். அதன் ஏர் வென்ட் பைப்பை ஹெட்ரூம் சுவரிலேயே கிளாம்ப் போட்டு மேலே ஏற்றி, தண்ணி டேங்கின் தலையைத் தாண்டி ஒரு அடி நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது.

நம் வீட்டு மாடிகளில் பெரும்பாலும் இருக்கும் சோலார் ஹீட்டருக்குப் பம்பு கிடையாது, பிரஷரும் கிடையாது. உயரத்தில் உள்ள டேங்கிலிருந்து பச்சைத் தண்ணீர் தானாக இறங்கி ஹீட்டர் டேங்கை நிரப்புகிறது. கண்ணாடிக் குழாய்களில் சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறுகிறது. உள்ளே இருக்கும் ஸ்டீல் டேங்க் மெல்லிய தகடு. பிரஷரைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. அதற்கு மூச்சு விடத்தான் ஏர் வென்ட். 25 டிகிரியில் உள்ளே போன 200 லிட்டர், ஆள் இல்லாத வீட்டில் மாலைக்குள் 80 டிகிரி ஆகிவிட்டால் 5 லிட்டர் கூடிவிடும். அந்தப் பெருக்கத்துக்கு ஒரு வழி வேண்டும். கீழே குழாயைத் திறந்து தண்ணீர் இறங்கும்போது அந்த இடத்துக்குக் காற்று வரவும் வழி வேண்டும். எண்ணெய் டின்னில் இரண்டாவது ஓட்டை போடுவதில்லையா, அதேதான். வென்ட் பைப்புக்கு ஒரே ஒரு நிபந்தனை: பச்சைத் தண்ணி டேங்கின் நிறைமட்டத்தைவிட அது உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தன் மட்டத்தைத் தேடி அந்த வழியாக வெளியே கொட்டும்.

பால் காய்ச்சுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வாஸ்து பார்ப்பவர் வந்தார். வீட்டைச் சுற்றினார், சம்ப் ஈசானி மூலையில் இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார், மாடிக்கு வந்தார். "கன்னி மூலை காலியா கிடக்குதுங்களே. வீட்டுல கனமும் உசரமும் அங்கதானுங்க இருக்கோணும்" என்றார். வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் பாதியை இந்த வீட்டில் போட்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

வாஸ்து மேல் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், டேங்க் வேண்டும் என்று அஸ்திவாரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால், அங்கே பில்லரை ஏற்றி, பீம் போட்டு, யானையைக்கூட நிறுத்திக் கொடுக்கலாம். வேலை முடியும் நேரத்தில் கேட்டால் ஒரு இன்ஜினியர் சொல்ல வேண்டிய பதில் ஒன்று உண்டு. "செய்யலாங்க. ஆனா மேல பீமோட ஒரு ஸ்டாண்டு கட்டணும், சோலாரை இடம் மாத்தணும், செலவு இவ்வளவு ஆகும், பால் காய்ச்சற நாளைத் தள்ளி வைக்கணும்." இந்த நான்கு வாக்கியமும் என் வாயில் இருந்தன. நான் சொன்னது, "பண்ணிரலாங்கய்யா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவருடைய மச்சினர் அடுத்த வீதியில் இடம் வாங்கியிருந்தார். அந்த வேலையும் எனக்கு வரும் என்று பேச்சு. முடியாது என்று சொல்லும் இன்ஜினியரை யாரும் மச்சினருக்குச் சிபாரிசு செய்வதில்லை.

தென்மேற்கு மூலையில் செங்கல் பில்லர் நான்கு எழுப்பினோம். ஒன்று மட்டும் கீழே உள்ள கான்கிரீட் பில்லருக்கு நேராக வந்தது. இரண்டு பீம் மேல். நான்காவது வெறும் ஸ்லாப் மேல், படுக்கையறைக்கு மேலே. குறுக்கே கடப்பா கல் போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் டேங்க். கற்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி. பிளாஸ்டிக் டேங்கின் அடிப்பாகம் முழுக்கச் சமதளத்தில் உட்கார வேண்டும், அந்தரத்தில் எந்தப் பகுதியும் தொங்கக் கூடாது என்பது டேங்க் விற்கும் கடைப் பையனுக்கும் தெரியும். கன்னி மூலை ஹெட்ரூமைவிட உயரமாக இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொன்னதால் பில்லரை இன்னும் இரண்டடி ஏற்றினேன்.

அப்ரூவலுக்குக் கொடுத்த படத்தில் டேங்க் இன்னமும் ஹெட்ரூம் மேலேயே இருக்கிறது. யார் பார்க்கப்போகிறார்கள்? 2003க்குப் பிறகு மழைநீர் சேகரிப்பு இல்லாமல் எந்தப் படமும் பாஸ் ஆகாது, அதைக் கேட்பார்கள். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் சின்னத் தனி வீடுகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கும் கொடுத்துவிட்டன. ஆகவே கட்டி முடித்த பின் படத்தையும் வீட்டையும் ஒப்பிட ஒருவரும் மாடி ஏறுவதில்லை. நம்மூர் மொட்டை மாடிக்கு வரும் ஒரே அரசாங்க ஆள், டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடும் டெங்குப் பணியாளர்தான். அவரும் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, டேங்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. விதிகளை மீறினேன் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் எனக்கு வசதியானதைச் செய்தேன்.

சோலார் ஹீட்டரை ஏற்கெனவே கம்பெனி ஆட்கள் வந்து ஹெட்ரூம் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். பழைய வரைபடத்து உயரத்துக்குக் கணக்காக வென்ட் பைப்பும் போட்டிருந்தார்கள். புது டேங்க் அதைவிட உயரம். அதையும் நான் மாடியில் நின்று பார்த்தேன். பைப்பின் முனையையும் டேங்கின் மூடியையும் கண்ணாலேயே அளந்து, இடிக்கும் என்று தெரிந்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன்.

குடி வந்த வாரத்திலேயே அந்த வீட்டம்மாவிடமிருந்து போன். "ஏனுங் தம்பி, சோலார் பைப்புல இருந்து தண்ணி ஊத்திக்கிட்டே இருக்குதுங்க. மோட்டார் போட்டா நிக்கவே மாட்டேங்குது. சுடுதண்ணி எல்லாம் மாடில ஓடுது." டேங்க் நிறைந்ததும் வென்ட் வழியாகக் கொட்டுகிறது. கொட்டுவது ஹீட்டரின் மேல்மட்டத்து வெந்நீர். அதாவது அவர்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு.

பிளம்பரைக் கூப்பிட்டேன். "தம்பி, அந்த வென்ட்டுல ஒரு எண்ட் கேப் போட்டு மூடிரு."

அவர் தயங்கினார். "அண்ணா, அது ஏர் போற பைப்புங்கண்ணா. அதை அடைக்கக் கூடாதுன்னு கம்பெனி ஆளு சொன்னாப்டி. நாலடி பைப்பும் ஒரு கப்ளிங்கும் வாங்கிக் கொடுங்க, ஏத்தி உட்டர்றேன்."

"ஏத்தலாம். அந்த உசரத்துக்கு சப்போர்ட் இல்லாம காத்துல ஆடும், அதுக்கு ஆங்கிள் அடிக்கணும். அடுத்த வாரம் வெல்டரோட வர்றேன். இப்போதைக்கு மூடு."

அவர் மூடினார். நாலடி ஜிஐ பைப், ஒரு கப்ளிங், ஒரு ஆங்கிள், வெல்டருக்கு அரை நாள் கூலி. இவ்வளவுதான் செலவு. அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. தண்ணீர் கொட்டுவது நின்றுவிட்டதால் போன் வருவதும் நின்றுவிட்டது.

பைப்பை மூடிய பிறகும் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என்னை முட்டாளாக்கியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. பச்சைத் தண்ணீர் வரும் லைனில், தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் என்ஆர்வி வால்வை நான் போடவில்லை. எனவே சூட்டில் பெருகிய தண்ணீர் வந்த வழியே திரும்பி டேங்குக்கு ஏறிவிட்டது. குழாய் திறந்தால் மேலே இருந்து தண்ணீர் உடனே இறங்கி இடத்தை நிரப்பியது. ஒரே பைப் இரண்டு வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு பைப்பில் ஒரு கேட் வால்வு இருந்தது. அதை யாராவது மூடினால் ஹீட்டர் டேங்குக்கு உலகத்தோடு தொடர்பே இல்லை.

நடுவில் மார்கழியில் இன்னொரு போன் வந்தது. சாயங்காலம் தண்ணீர் சூடே இல்லையாம். கன்னி மூலையில் உயர்த்தி வைத்த டேங்கின் நிழல் அந்த மாதங்களில் பிற்பகல் வெயிலை மறைத்து நேராகக் கண்ணாடிக் குழாய்களின் மேல் விழுகிறது. சூரியன் தெற்கே சாய்ந்து தென்மேற்கில் இறங்கும் காலம். இதைச் சொன்னால் டேங்கை ஏன் அங்கே வைத்தீர்கள் என்ற கேள்வி வரும். "மேகமூட்டங்கம்மா, தை பொறந்தா சரியாயிரும்" என்றேன். அந்த வருஷம் மார்கழியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. இன்ஜினியர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

வேனிலில் டேங்க் கழுவ ஆள் வந்தார். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சிறுவாணித் தண்ணீர் குடிக்க மட்டும். குளிக்க, துவைக்க எல்லாம் உப்புத் தண்ணீர்தான். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். கழுவ வந்தவர் ஒழுங்கான ஆள். கலங்கல் சோலாருக்குள் இறங்கக் கூடாது என்று அந்தக் கேட் வால்வை மூடிவிட்டு வேலை பார்த்தார். போகும்போது திறக்க மறந்தார். மறுநாள் காலையில் கீழ்த்தளத்துக் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்திருக்கிறார்கள்.

மாடியிலிருந்து கீழ்க்குழாய் வரை 20 அடி, ஆறு மீட்டர். அந்த நீர்க்கம்பம் தன் எடையில் கீழே இழுக்கிறது. மேலே நிரப்ப வேண்டிய தண்ணீர் வால்வில் நிற்கிறது. வர வேண்டிய காற்று எண்ட் கேப்பில் நிற்கிறது. ஆறு மீட்டர் உறிஞ்சல் என்றால் வெளிக்காற்று டேங்கின் மேல் சதுர மீட்டருக்கு 6 டன் வரை அழுத்தலாம். மெல்லிய தகடு அத்தனை தூரம் காத்திருக்காது. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான் போய்ப் பார்த்தபோது உருளையாக இருந்த டேங்கின் முதுகு உள்ளே போயிருந்தது. ரப்பர் சீலிலிருந்து கழன்று நாலைந்து கண்ணாடிக் குழாய்கள் உடைந்து கிடந்தன. மிச்சமிருந்த வெந்நீர் மாடிப்படியில் வழிந்து காய்ந்துகொண்டிருந்தது. துணி காயப்போட யாரும் அந்நேரம் மேலே வரவில்லை. அந்த வீட்டில் ஒரு பேரப் பிள்ளை இருக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.

மத்தியானம் கம்பெனி ஆள் வந்தார். மாடியில் வீட்டுக்காரர், அவர் மனைவி, மச்சினர், நான், பிளம்பர். கம்பெனி ஆள் டேங்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராக வென்ட் பைப்பை அண்ணாந்து பார்த்தார். "கேப் போட்டிருக்கு. வாரண்டி வராதுங்க. யாருங்க இதை மூடினது?"

பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் பைப்பைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். நான் பேசுவதற்கு இடம் கொடுத்தார் என்று இப்போது தெரிகிறது. பிறகு, "நான்தானுங்க மூடினேன்" என்றார்.

அது உண்மைதான். மீதிப் பாதி என்னிடம் இருந்தது. வாயைத் திறந்து "மூடச் சொன்னது நான்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. மச்சினர் பக்கத்தில் நிற்கிறார். வீட்டுக்காரர் பிளம்பரைப் பார்த்து, "ஏந்தம்பி, இஞ்சினியரை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். அப்போதும் பேசவில்லை. பேசியது வேறு. "நான் பார்த்துக்கறேங்கய்யா, உங்களுக்கு ஒரு பைசா செலவில்லாம புது டேங்க் போட்டுத் தர்றேன்" என்றேன். அந்த அம்மா என்னைக் கும்பிட்டார்.

புது டேங்குக்கும் குழாய்களுக்கும் 18,000 ரூபாய் ஆயிற்று. பிளம்பருக்கு நான் தர வேண்டிய கடைசி பாக்கியிலிருந்து அதைக் கழித்தேன். நேரில் சொல்லக்கூட இல்லை. கணக்கு எழுதிய தாளை மேஸ்திரியிடம் கொடுத்து அனுப்பினேன். பிளம்பர் வந்து சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். 'தெரிந்த வேலைக்காரன் நீ, நான் சொன்னால்கூட மறுத்திருக்க வேண்டாமா' என்பது அதில் முக்கியமான பதில். அவர் வரவில்லை. மச்சினர் வீட்டு வேலை எனக்கு வந்தது. அதற்கு வேறு பிளம்பர் வைத்தேன். பழையவரை ஏன் வைக்கவில்லை என்று மச்சினர் கேட்கவும் இல்லை. அந்த வீதி முழுக்க அவரைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. நான் அதை உண்டாக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

வென்ட்டை இந்த முறை சரியாகப் போட்டேன். தண்ணி டேங்கின் தலைக்கு மேல் ஏற்றி, முனையைக் கைத்தடிப் பிடி போலக் கீழே வளைத்து, கொசு நுழையாமல் வலை கட்டி, ஆங்கிள் அடித்து நிறுத்தினேன். அரை நாள் வேலை.

மனசு உறுத்தியதா என்றால், இல்லை. மனுஷன் தன்னை எப்படியெல்லாம் சமாளித்துக்கொள்வான் என்பதற்கு நான் சாட்சி. 18,000 ரூபாய் ஒரு பிளம்பருக்கு ஒரு வீட்டு வேலையில் எடுத்துவிடக்கூடிய தொகை என்று நினைத்துக்கொண்டேன். உறுத்தியது பிறகு, வேறு பக்கத்திலிருந்து. தண்ணீர் ஹீட்டர் விபத்துகளைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, 2006இல் இங்கிலாந்தில் டான்ட்டன் என்ற ஊரில் நடந்த ஒன்றைப் படித்தேன். அந்த நாட்டின் பழைய வீடுகளில் பச்சைத் தண்ணித் தொட்டி கூரைக்குக் கீழே பரணில் இருக்கும். கீழே உள்ள ஹீட்டரின் வென்ட் பைப் மேலே ஏறி, வளைந்து, அந்தத் தொட்டிக்குள்ளேயே திறந்திருக்கும். டான்ட்டனில் தெர்மோஸ்டாட் பழுதாகி ஹீட்டர் கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கொதிநீர் வென்ட் வழியாகப் பிளாஸ்டிக் தொட்டிக்கு ஏறியிருக்கிறது. சூட்டில் இளகிய தொட்டி சரிந்து, கூரைத்தட்டு உடைந்து, கீழே படுத்திருந்த கைக்குழந்தை மேல் கொட்டிவிட்டது. குழந்தை இறந்துவிட்டது.

அங்கே வென்ட் திறந்துதான் இருந்தது. அது தன் வேலையைத்தான் செய்தது. தொட்டிதான் தாங்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஒழுகும் அளவுக்கு உருக்குலையாதபடி தாங்கப்பட வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அந்த நாட்டின் 1999ஆம் வருஷத்து நீர்ப் பொருத்துதல் விதிகள் சொல்கின்றன. நம் ஊர் டேங்க் வெந்நீரைப் பார்ப்பதில்லை, வெயிலைப் பார்க்கிறது. சித்திரை வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் எப்படி இளகும் என்பது மூடியைத் தொட்டுப் பார்த்த எவருக்கும் தெரியும். எனக்கு வடவள்ளி வீட்டின் கடப்பா கற்கள் ஞாபகம் வந்தன. நடுவில் ஒரு சாண் இடைவெளி. நான்காவது செங்கல் பில்லர். அதற்குக் கீழே படுக்கையறை.

மறுநாளே ஆட்களோடு போனேன். டேங்கின் அடிப்பாகம் அந்த இடைவெளியில் வயிறு போலத் தொங்கியிருந்தது. படுக்கையறைக் கூரையில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல்; பெயின்ட் விரிசல் என்று நினைத்து இரண்டு தடவை பட்டி வைத்திருக்கிறார்கள். டேங்கை இறக்கி, பில்லர்களை இடித்து, கீழே உள்ள பீம்களின் மேல் நிற்கும்படி கான்கிரீட் பீமும் தளமும் போட்டுக் கொடுத்தேன். காசு கேட்கவில்லை. வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோனார். "வீடு கட்டிக் கொடுத்துட்டு இத்தனை வருஷம் கழிச்சு, கூப்பிடாமயே வந்து பாக்கற இஞ்சினியரை நான் பார்த்ததில்லீங்க. அந்தப் பிளம்பர் தம்பி மட்டும் அப்படிப் பண்ணாம இருந்திருந்தா, உங்களுக்கு எங்க வீட்டுல ஒரு குறையும் இருந்திருக்காது" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் அன்றும் சொல்லாமல் வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் புகழ்ச்சியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட் வரை நடக்க முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். வென்ட், எண்ட் கேப், போனில் நான் சொன்னது, பிளம்பர் மறுத்தது, மாடியில் நான் பேசாமல் நின்றது, மார்கழி மேகம், எல்லாம். அந்த அம்மா நடுவில் எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை.

வீட்டுக்காரர் முழுக்கக் கேட்டார். டேங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப அந்தத் தம்பிகிட்டப் புடிச்ச காசு?" என்றார்.

"நாளைக்கே கொடுத்தர்றேங்கய்யா."

"கொடுத்துட்டு எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. நீங்க பண்ண வேண்டாம். அந்தத் தம்பியைப் பண்ணச் சொல்லுங்க."

பிளம்பர் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் சைட்டில் சப்-கான்ட்ராக்டரிடம் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வேலை செய்தபோது அவருக்குக் கீழே இரண்டு பையன்கள் இருந்தார்கள். கவரை நீட்டினேன், காரணத்தைச் சொன்னேன். அவர் பிரித்து எண்ணினார். வீட்டுக்காரர் நம்பரைக் கேட்டு வாங்கி, "வந்துருச்சுங்கய்யா" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

பிறகு, "சார், அந்த வீதியில மூணு வீட்டு வேலை எனக்கு வர்றதா இருந்துச்சு. மூணும் போச்சு. அதுக்கு நீங்க காசு கொடுக்க முடியாது. நீங்க சொல்லித்தான் மூடினேன்னு உங்க லெட்டர்பேடுல எழுதிக் கொடுங்க. நான் கொண்டுபோய்க் காமிச்சுக்கறேன்" என்றார்.

லெட்டர்பேடு காரில் இருந்தது. பானெட் மேல் வைத்து எழுதினேன். இன்ன தேதியில், இன்ன வீட்டில், அவசரத்தில் நான் சொன்னதன் பேரில்தான் இவர் வென்ட் பைப்பை மூடினார், அப்போதே அது தவறு என்று என்னிடம் சொன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"அவசரமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். அதை எடுத்துருங்க."

எடுத்துவிட்டு வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன்.